தட்டிப் பார்த்தவர் யார்? பினாங்கு நீர்மேல் வீடு ஒன்றை அளந்த அனுபவம்

பின்னணி

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனின் கிழக்குக் கரையில், பெங்காலான் வெல்ட் சாலையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் மரப்பாலக் குடியிருப்புகளைச் சுற்றுலா வழிகாட்டிகள் ‘கிளான் ஜெட்டி’ என்பார்கள். அங்கே வாழ்பவர்களின் ஹொக்கியன் என்னும் சீனப் பேச்சில் அவை வெறும் ‘கியோ’, அதாவது பாலம். லிம் பெயர்க்காரர்களுக்கு ஒரு பாலம், சியூ பெயர்க்காரர்களுக்கு ஒன்று, டான், லீ, இயோ என்று குலத்துக்கு ஒன்று. பல குலத்தார் கலந்து வாழும் பாலமும் உண்டு. இந்த ஆய்வில் வருவது எந்தப் பாலம், எந்த வீடு என்பதைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கரைச்சாலை அமைக்கப்பட்டது. அதையொட்டி, சீனாவின் ஃபுஜியான் மாநிலத்திலிருந்து வந்த மக்கள் படகுகளைக் கட்டி நிறுத்தவும் சரக்கு இறக்கவும் பாலங்கள் போட்டார்கள். பாலத்தின் இருமருங்கிலும் கால் ஊன்றி வீடுகள் எழுந்தன. பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, தொங்காங் எனப்படும் சரக்குப் படகுகள்தான் மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவந்தன. அதே துறைமுகத்தில் தமிழர்களும் படகோட்டிகளாகவும் சுமைகூலிகளாகவும் இருந்தார்கள். என் தாத்தாவும் அங்கே மூட்டை சுமந்தவர். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. 1970களில் சரக்குப் போக்குவரத்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போனது. பாலங்களில் வேலை குறைந்தது, வீடுகள் நின்றன.

கடலுக்குப் பட்டா கிடையாது. குடியிருப்போர் கையில் இருப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. ‘நிலத்தில் இல்லாததால் இவர்கள் வரியே கட்டுவதில்லை’ என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். 2006இல் இரண்டு பாலங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக இடிக்கப்பட்டன. மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றியது 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்குக் கிடைத்த யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி. அதன் கூடவே வந்தது கூட்டம்.

கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு நாங்கள் நால்வர் இந்தப் பாலங்களில் ஒன்றில் ஒரு வீட்டை முழுமையாக அளந்து வரையப் போனோம். நான், ஹொக்கியன் தெரிந்த சக ஊழியர் ஒருவர், கட்டடக்கலை மாணவர்கள் இருவர். வீட்டையும் அதற்குள் நடக்கும் அன்றாட வாழ்வையும் ஒரே ஆவணத்தில் கொண்டுவருவது நோக்கம்.

முதல் வாரம்: எதிலிருந்து அளப்பது?

வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர். சக ஊழியர் அவரை ‘ஆ பெக்’ (பெரியப்பா) என்று அழைத்தார், நாங்களும் அப்படியே அழைத்தோம். என்னைப் பார்த்ததும் அவர் “தம்பி” என்றார். துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கற்றுக்கொண்ட இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மற்றவை இங்கே எழுதத்தக்கவை அல்ல. அதற்கப்பால் நாங்கள் பேசிக்கொண்டது மலாயில்.

வீட்டின் அமைப்பு எளிது. பாலத்திலிருந்து ஒரு படி ஏறினால் திண்ணை போன்ற முன்வராந்தா. அதை அடுத்து, கதவுக்கு நேர் எதிரே சாமி மாடம் உள்ள கூடம். ஒரு பக்கத்தில் நடைவழியும் அதையொட்டி அறைகளும். கடைசியில், கடலைப் பார்த்தபடி சமையலறையும் கழுவுமிடமும். சுவர் பலகை, கூரை துத்தநாகத் தகடு. முன்பகுதியில் தரைப்பலகைகள் நெருக்கமாக அடிக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கம் போகப்போக விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் கழுவிய நீர் கீழே போகிறது, கடற்காற்று மேலே வருகிறது. மதிய வேளையில் கூடத்தை விடச் சமையலறை குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் வரைவது கடினமில்லை. வீடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கேள்வியில்தான் முதல் தடுமாற்றம். முதல் நாள் தரைப்பலகையிலிருந்து சேறு வரை அளந்தோம். நான்கு நாள் கழித்து வீட்டின் அதே கால் அருகே அளந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். மாணவர் தப்பாக அளந்துவிட்டார் என்று நான் கடிந்துகொண்டேன். தப்பு என்னுடையது. கால்களைச் சுற்றிய சேறு ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு கிளப்பும் அலையும், கடல் ஏறி வற்றும் ஓதமும் அதை அரித்துக் குவிக்கின்றன. தண்ணீரிலிருந்து அளக்கவும் வழியில்லை. பினாங்கில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வேறுபாடு வரும்.

கடைசியில் கரையோரக் கற்கட்டில் ஓர் ஆணியை அறைந்து அதையே சுழியமாகக் கொண்டோம். தண்ணீர் ரசமட்டத்தால், அதாவது நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால், அந்த மட்டத்தைப் பாலம் நெடுகக் கடத்திக்கொண்டு போனோம். சேற்று மட்டத்தைப் பதிந்த இடத்திலெல்லாம் நாளும் மணியும் சேர்த்து எழுதினோம். மண்ணில் நிற்கும் வீட்டை வரையும்போது யாரும் தரைக்குத் தேதி போடுவதில்லை.

இரண்டாம் வாரம்: கால்கள்

வீட்டுக்கு அடியில் போக ஒரு நாளில் அதிகம் போனால் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் வற்றம் நன்றாக இறங்கும் நாள்களில் மட்டும். முழங்கால் வரை சேறு. கொட்டலசுச் சிப்பிகள் கையைக் கிழிக்கும். அங்கே இறங்கிய பிறகுதான் நாங்கள் ஆவணப்படுத்துவது ஒரு வீட்டை அல்ல, பல காலங்களில் கட்டிய பல வீடுகளை என்று புரிந்தது.

மூன்று தலைமுறைக் கால்கள் இருந்தன. பழையவை உருண்டை மரங்கள். அடுத்தவை அறுத்த சதுரக் கட்டைகள். புதியவை, பிளாஸ்டிக் வடிகால் குழாயை அச்சாக நிறுத்தி உள்ளே கான்கிரீட் ஊற்றியவை; சிலவற்றின் மேல் அந்தக் குழாயே உரிக்கப்படாமல் சட்டை போட்டதுபோல் நின்றது. ஒரு காலில் குழாய்க்குப் பதில் பெயின்ட் டின்களை அடியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நிறுவனத்தின் முத்திரை இன்னும் தெரிந்தது.

எங்கள் திட்டத்தைப் பார்வையிட்ட ஆசிரியர் ஒருவர், கான்கிரீட் கால்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் மரமாகவே வரையச் சொன்னார். ‘மூல வடிவம்’ அதுதான் என்பது அவர் வாதம். மரபுக் கட்டட வரைபடங்களில் அப்படிச் செய்யும் பழக்கம் உண்டு. நாங்கள் மறுத்தோம். கால்கள் மொத்தமும் ஒரே சமயத்தில் மரமாக, புதிதாக நின்ற நாள் இந்த வீட்டின் வரலாற்றில் அநேகமாக ஒரே ஒரு நாள்தான் இருந்திருக்கும். அதன் மறுநாளிலிருந்தே கப்பல் புழு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் புழுவைப் பற்றி ஆ பெக்கிடம் கேட்டபோதுதான் இந்த வேலையின் திசை மாறியது. புழு என்று பெயர்தானே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மரத்தில் நுழைந்து உள்ளேயே தின்று வளர்கிறது. வெளியே குண்டூசித் துளை, உள்ளே சுரங்கம். மாணவர்கள் அளவு நாடாவைச் சுற்றி ஒவ்வொரு காலின் பருமனையும் மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆ பெக் மேலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் ஒரு காலைத் தட்டினார். மந்தமான ஓசை. அடுத்ததைத் தட்டினார், அதே ஓசை. மூன்றாவதில் ஓசை கொஞ்சம் நீண்டது, காலிப் பீப்பாயைத் தட்டியதுபோல. “இது அடுத்த வருடம்” என்றார். அளவில் மூன்று கால்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை.

அன்று மாலை எங்கள் அட்டவணையில் ‘ஓசை’ என்று ஒரு புதிய பத்தி சேர்த்தோம். கெட்டி, இடைத்தரம், பொள் என்று மூன்று குறி. கூடவே, எந்தக் காலை எப்போது மாற்றினார்கள் என்பதையும் அவர் நினைவிலிருந்து கேட்டு எழுதினோம். ஆண்டுகளை அவர் எண்ணால் சொல்லவில்லை. ‘மூத்தவள் பிறந்தபோது’, ‘அப்பா இறந்ததற்கு முந்தைய புத்தாண்டு’ என்றுதான் சொன்னார். கூடத்தின் முன்வரிசைக் கால்கள் எல்லாமே ஏதாவதொரு சீனப் புத்தாண்டுக்கு முன்பு மாற்றப்பட்டிருந்தன. காரணம் கேட்டோம். புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் மக்கள் வான்தெய்வமான தீ கோங்கை வழிபடும் நேரத்தில், முன்வாசலில் மேசைகள் போட்டுக் கரும்பு கட்டிப் படையல் வைப்பார்கள். உறவினர் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அந்த ஒரு இரவின் எடையைத் தாங்கத்தான் ஆண்டு முழுதும் கால்கள் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. சடங்கைத் தனி அத்தியாயமாக எழுத வைத்திருந்தோம். அதைக் கால்களின் அட்டவணைக்குப் பக்கத்துப் பக்கத்துக்கு மாற்றினோம்.

கால் மாற்றும் முறையையும் ஒருமுறை நேரில் பார்த்தோம். கார் ஜாக்கியை ஒரு பலகைமேல் வைத்து உத்தரத்தைச் சிறிது தூக்கினார்கள். உளுத்த காலை அறுத்து எடுத்து, குழாயைச் சேற்றில் கெட்டித்தரை தட்டும் வரை இறக்கி, கம்பி நுழைத்து, மேலிருந்து வாளி வாளியாகக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். தலைப்பில் ஆப்பு அடித்து ஜாக்கியை இறக்கியபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது. குழாய் இல்லாவிட்டால் ஏறிவரும் அலை கலவையைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும்.

மூன்றாம் வாரம்: சமையலறை

முதல் தள வரைபடம் தயாரானதும் வீட்டாரிடம் காட்டினோம். ஆ பெக் தலையசைத்தார். அவருடைய மருமகள் மட்டும் வரைபடத்தின் கடல்பக்க ஓரத்தில் விரலை வைத்தபடி நின்றார். “இதை யார் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார்.

பேரன் பிறந்த பிறகு சமையலறையைக் கடலுக்குள் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள். உரிமத்தில் குறித்த பரப்பில் அது அடங்காது. அந்தப் பாலத்தில் பல வீடுகளின் நிலை அதுதான். எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதி வைப்பதில்லை. நாங்கள் எழுதிவிட்டோம், அதுவும் சென்டிமீட்டர் சுத்தமாக. இரண்டு பாலங்கள் இடிபட்டதைப் பார்த்தவர்களுக்கு ஒரு வரைபடம் என்னவாக மாறக்கூடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை.

அன்றிரவு நால்வரும் வாதாடினோம். முழுவதையும் வெளியிடுவது ஒரு வழி. அதை யாரும் ஆதரிக்கவில்லை. நீட்டிய பகுதியை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடுவது இன்னொரு வழி. மாணவர்களில் ஒருவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அழித்தால் அது பொய் வரைபடம், பிறகு கால்களை உள்ளது உள்ளபடி வரைந்தோம் என்று பெருமை பேச நமக்கு உரிமையில்லை என்றார். அவர் சொன்னது சரி. இறுதியில் இரண்டு படிகள் செய்ய முடிவெடுத்தோம். முழுப் படி வீட்டாரிடம் மட்டும் இருக்கும், எங்கள் கணினியிலும் வைத்திருக்க மாட்டோம். பொதுப் படியில் கூடத்துக்கும் அறைகளுக்கும் பின்னால், வரைபடம் அங்கே முறிகிறது என்று காட்டும் முறிகோடு போட்டு, ‘பின்பகுதி குடும்பத்தின் விருப்பப்படி காட்டப்படவில்லை’ என்று குறிப்போம். ஒரே ஒரு வீட்டில் இப்படிக் குறித்தால் அதுவே விரல் நீட்டுவதாகிவிடும் என்பதால்தான் பாலத்தின் பெயரையும் விட்டுவிட்டோம்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை சிறியதல்ல. மீன் கழுவுவது, வலை பார்ப்பது, பேரனைக் குளிப்பாட்டுவது, மாலையில் காற்று வாங்குவது என்று வீட்டின் வாழ்வில் பாதி நடப்பது பின்பகுதியில்தான். பொதுப் படியைப் பார்ப்பவருக்குக் கிடைப்பது சாமி மாடமும் படுக்கையறைச் சுவர்களும்.

அன்றாட வாழ்வுப் பதிவில் நேர்ந்த பிழை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருப்பதால். யார் எங்கே அமர்கிறார், என்ன செய்கிறார், கதவு திறந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை குறித்தோம். எங்கள் வசதிக்கு ஏற்றபடி காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. இரண்டு வாரம் கழித்துத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், முன்வராந்தாவில் ஆளே இல்லை, கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கிறது. ‘முன்வராந்தா பயன்பாட்டை இழந்துவிட்டது’ என்று ஒரு மாணவர் எழுதியும் விட்டார்.

ஆ பெக்கின் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தார். “நீங்கள் சுற்றுலாப் பயணிகளோடு வந்து அவர்களோடேயே போகிறீர்கள். அவர்களுக்காகச் சாத்திய கதவைத்தான் பார்த்திருக்கிறீர்கள்” என்றார். கூடத்துக்குள் கேமராவை நீட்டுகிறவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்நியர் ஒருவர் படியேறி வந்து நின்றதும் உண்டாம்.

விடியற்காலையிலும் இரவு ஏழிலிருந்து பத்து வரையிலும் மறுபடி போனோம். அது வேறு ஊர். கதவுகள் திறந்து, நாற்காலிகள் பாலத்துக்கே வந்துவிட்டிருந்தன. பாலம் முழுவதும் ஒரே கூடம்போல் இருந்தது. ஒரு வீட்டுத் தொலைக்காட்சியை எதிர் வீட்டிலிருந்து பார்த்தார்கள். ஒருவர் பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்து, “இன்னும் ஏறுகிறது” என்றார். மற்றவர் எழுந்து படகைப் பார்க்கப் போனார். பழைய தாள்களை எறிந்துவிட்டு, கடிகாரத்தோடு ஓதத்தையும் பத்தியாக வைத்துப் புதிதாகப் பதிந்தோம்.

பின்விளைவு

ஆவணம் முடிந்து முழுப் படியை ஒப்படைக்கப் போன நாளில் இன்னொரு அசட்டுத்தனம் வெளிப்பட்டது. குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. ஆ பெக்குக்குப் படிக்கத் தெரிந்தது சீன எழுத்து மட்டும். திரும்பிப் போய்க் கால் எண்களையும் ஓசைக் குறிகளையும் சீனத்தில் எழுதிக் கொண்டுவந்தோம். அதன் பிறகுதான் அந்தத் தாள் சுவரில் ஏறியது.

ஏழெட்டு மாதம் கழித்து மருமகள் தொலைபேசியில் அழைத்தார். கழுவுமிடத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது, சலவை இயந்திரம் சாய்ந்து நிற்கிறது, யாருக்கும் அடியில்லை என்றார். எந்தக் கால் எந்த உத்தரத்தைத் தாங்குகிறது என்பதை எங்கள் தாளைப் பார்த்தே கண்டுபிடித்து, அதே நீளத்துக்கு மரம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வகையில் தாள் உதவியது.

ஆனால் போன காலின் எதிரே எங்கள் தாளில் இருந்த குறி, ‘கெட்டி’.

பழைய குறிப்பேடுகளைப் புரட்டினோம். கடைசி வரிசைக் கால்கள் சிலவற்றை அளந்த அன்று ஆ பெக் ஊரில் இல்லை. வற்றம் வீணாகிவிடுமே என்று நாங்களே தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். தட்டியவன் நான். அவர் குறித்த கால்களையும் நான் குறித்த கால்களையும் ஒரே பத்தியில், ஒரே நம்பிக்கையோடு, ஒரே எழுத்தளவில் அச்சிட்டிருந்தோம். அதே வாரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆ பெக் என்னைத் திட்டவில்லை. சுத்தியலைக் கையில் கொடுத்து, நான் குறித்த மற்ற கால்களையும் அவர் எதிரிலேயே தட்டச் சொன்னார். இரண்டை மாற்றிக் குறித்தோம்.

இனி மாற்ற வேண்டியவை

அளவு நாடாவை விரிக்கும் முன்பே, எதை வரையலாம், எதை வரையக் கூடாது, யாரிடம் எந்தப் படி இருக்கும் என்று வீட்டிலுள்ள எல்லாரிடமும் பேசிவிட வேண்டும். பெரியவர் சம்மதித்தால் போதும் என்று நினைத்தது தவறு, சமையலறை அவருடையதல்ல.

நில அளவைத் துறை வெளியிடும் ஓதப் பட்டியலைப் பார்த்து வேலை நாள்களை வகுக்க வேண்டும், வகுப்பு அட்டவணையைப் பார்த்து அல்ல. அன்றாடப் பதிவை இரவிலிருந்து தொடங்க வேண்டும். வரைபடக் குறிப்புகள் வீட்டார் படிக்கும் எழுத்தில் முதலிலேயே இருக்க வேண்டும்.

கால்களின் அட்டவணையில் இப்போது ‘ஓசை’ பத்திக்கு அருகில் இன்னொரு பத்தி இருக்கிறது: ‘தட்டியவர்’. ஆ பெக் தட்டிய கால்களுக்கு எதிரே அவருடைய குலப்பெயரின் ஒற்றை எழுத்து. நான் தட்டியவற்றுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.